ராமேஸ்வரம் தீவிலிருந்து விமானம் ஏற: மதுரையா, தூத்துக்குடியா, திருச்சியா? முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் தீவில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் ஓடுபாதை இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. 2009 மார்ச்சில் முறைப்படி கடற்படைத் தளமானது. கடலோரக் கண்காணிப்பு அதன் வேலை. டிக்கெட் எடுத்தவர் யாரும் அங்கே ஏற முடியாது. 2025 மார்ச்சில் தாக்கலான தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே பிரதமர் இலங்கையின் அனுராதபுரத்திலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பி, ராமர் பாலத்தைப் பார்த்தபடி மண்டபத்தில் வந்து இறங்கினார். மற்றவர்களுக்கு இப்போதைக்கு பஸ், ரயில், கார் இந்த மூன்றுதான்.

ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தரையைப் பற்றியதாகவே இருக்கும். நம் கரையோரத்தில் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் பாம்பன் பாலத்திலோ பரமக்குடியிலோ தவறவிடுகிறார்கள். டிக்கெட் விலையைப் பார்த்து நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதற்கு மூலகாரணம். திருச்சியில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று எடுத்துவிட்டு, வாடகைக் காருக்கு அதைவிட அதிகம் கொடுப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறோம்.

முதல் படி: விமானம் தேவையா என்று பாருங்கள்

சென்னைக்குத்தான் போகிறீர்கள் என்றால், தீவில் இருப்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். சேது எக்ஸ்பிரஸ், போட் மெயில் இரண்டில் எதில் ஏறினாலும் காலையில் சென்னை. மதுரைக்கு நான்கு மணி நேரம், நிலையத்தில் இரண்டு மணி நேரம், வானத்தில் ஒன்றேகால் மணி நேரம், மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போக இன்னொரு மணி நேரம் என்று கூட்டினால் ஒரு பகல் போய்விடும். ரயிலில் அந்த நேரத்தைத் தூங்கியே கழிக்கலாம். அவசர மருத்துவம், துக்கம், ரயிலில் இடம் கிடைக்காத பண்டிகை நாள் ஆகியவை விதிவிலக்கு.

பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி என்றால் விமானத்துக்கு அர்த்தம் உண்டு. வெளிநாடு என்றால் வேறு வழியில்லை.

இரண்டாம் படி: உங்கள் ஊருக்கு ஏற்ற நிலையம்

மதுரை. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். தீவு, மண்டபம், ராமநாதபுரம், பரமக்குடி ஆகிய ஊர்களுக்கு உள்நாட்டுப் பயணம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்க அனுமதி பெற்ற நிலையம். இங்கு வரும் வெளிநாட்டு நிறுவனம் இலங்கையின் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ். வளைகுடா போன்ற மற்ற தடங்களில் இந்திய நிறுவனங்களே பறக்கின்றன. அதனால் வெளிநாட்டுச் சேவைகள் திருச்சி அளவுக்கு இல்லை.

மதுரைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் விரகனூர் சுற்றுச்சாலைச் சந்திப்பு. ராமேஸ்வரம் சாலையில் வரும் கார், அங்கே இடதுபுறம் திரும்பி மண்டேலா நகர் வழியாக நேராக நிலையத்தை அடையலாம். ஊருக்குள் நுழையவே வேண்டாம். பஸ்ஸில் வருகிறவர்கள் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வரை போய், அங்கிருந்து மறுபடி தெற்கே இறங்கி வருவது வீண் சுற்று. விரகனூரில் நிறுத்துவீர்களா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கைக்குழந்தையும் நான்கு பெட்டிகளுமாக விடியற்காலை நான்கு மணிக்கு அந்தச் சந்திப்பில் இறங்கி ஆட்டோவுக்கு நிற்பது உசிதமில்லை. அப்படிப்பட்டவர்கள் மாட்டுத்தாவணிக்கே போகலாம். ரயிலில் வந்தால் மதுரை சந்திப்பிலிருந்து விமான நிலையம் சுமார் 12 கிலோமீட்டர்.

தூத்துக்குடி. நிலையம் ஊருக்கு வெளியே, திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறக்கப்பட்டது. கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி மக்கள் மதுரையை மட்டுமே யோசிக்கும் பழக்கத்தை இனி விடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், குளத்தூர் வழியாகப் போனால் நெரிசல் குறைவு. சாயல்குடியில் இருப்பவருக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. ஆனால் சேவைகள் குறைவு. சென்னை, பெங்களூரு தடங்களே பிரதானம். ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். தீவிலிருந்து கிளம்புகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

திருச்சி. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். தூரம் பயமுறுத்தினாலும், சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நாடுகள் என்று வெளிநாட்டுக்கு நேரடிச் சேவைகள் இங்கேதான் அதிகம். ஸ்கூட், ஏர் ஏசியா, ஸ்ரீலங்கன், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ எல்லாம் வருகின்றன. 2024 ஜூன் முதல் புதிய முனையம் பயன்பாட்டில் இருக்கிறது. தேவிபட்டினம், தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகப் போகும் நமக்கு ஒரு வசதி உண்டு: நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, ஊருக்கு முன்னால் வந்துவிடும். விமான நிலைய நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். தொண்டி, திருவாடானை, தேவிபட்டினம் பக்கத்தவர்கள் வெளிநாடு என்றால் மதுரையை நினைக்கவே வேண்டாம்.

மதுரையில் ஏறிச் சென்னையிலோ மும்பையிலோ மாறி துபாய் போவதற்கும், திருச்சியில் ஏறி நேரே போவதற்கும் இடையில் யோசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மாறிப் போவதென்றால் இரண்டு விமானமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டாக எடுத்து, முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: பின்னோக்கி எண்ணுங்கள்

உள்நாட்டு விமானங்களில் பெட்டி வாங்கும் கவுன்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். வெளிநாட்டு விமானத்துக்கு 60 முதல் 75 நிமிடம். விமானத்துக்குள் ஏறும் வாயில் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்புவரை திறந்திருக்கும். டிக்கெட்டில் அச்சாகியிருப்பது விமானம் நகரும் நேரம். நீங்கள் மனதில் வைக்க வேண்டியது கவுன்டர் மூடும் நேரம்.

மதுரையில் காலை 11 மணி விமானம் என்று வைத்துக்கொள்வோம். 10 மணிக்குக் கவுன்டர் மூடும். 9 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து காரில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். ஆக, 5 மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பஸ் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால். 8 மணிக்கு முந்தைய விமானம் என்றால் முதல் நாள் இரவே மதுரைக்குப் போய்த் தங்கிவிடுங்கள். அறை வாடகை, தவறவிட்ட டிக்கெட்டை விட மலிவு.

இதன்மேல் பாம்பனுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள். 1988இல் திறந்த சாலைப் பாலம் இருவழிதான். விடுமுறை நாளில் சுற்றுலா வேன்கள் பாலத்தின் நடுவில் நின்றுவிடும். பக்கத்தில் புதிய செங்குத்துத் தூக்குப் பாலத்தில் ரயில் வருகிறது என்றால் கேட்கவே வேண்டாம். ஓட்டுநர் உட்பட எல்லோரும் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், பின்னால் ஹாரன் அலறும். ரயிலை நம்பினால் காற்றைப் பார்க்க வேண்டும். பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலைப் பாலத்தில் விடமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது அபூர்வமல்ல. ஆகவே புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் ரயிலை நம்பி விமானம் பிடிக்கக் கூடாது.

சாலைக்குச் சில நாட்கள் ஆகாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை அன்று தீவுக்குள் வருவதும் போவதும் ஊர்வதுதான். செப்டம்பர் 11 பரமக்குடியிலும், அக்டோபர் 30 பசும்பொன்னிலும் நடக்கும் நிகழ்வுகளுக்காகக் காவல்துறை மதுரைச் சாலையில் போக்குவரத்தை மாற்றிவிடும். அந்த நாட்களில் மதுரை விமானம் என்றால் முந்தைய நாளே கிளம்புங்கள். வெளியூரில் இருந்துகொண்டு டிக்கெட் எடுத்துத் தரும் பிள்ளைகளுக்கு இந்தத் தேதிகள் நினைவிருக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். மதுரை சாலையில் பரமக்குடி வரை நான்கு வழி. பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பணி நடக்கும் காலத்தில் அந்தத் துண்டுக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: டிக்கெட்

விமான அட்டவணை ஆண்டுக்கு இருமுறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. சென்ற முறை உங்கள் மைத்துனர் போன நேரம் இந்த முறை இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிறு நிலையங்களில் ஒரு சேவை சத்தமில்லாமல் நின்றுபோவதும் இந்தத் தேதிகளை ஒட்டித்தான். இணையத்தில் பழைய அட்டவணைகள் ஏராளமாகக் கிடக்கின்றன. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பார்த்ததை மட்டும் நம்புங்கள்.

ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ ஏஜென்ட் மூலம் எடுத்தால், உங்கள் கைபேசி எண்ணைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பல கடைகளில் கடைக்காரரின் எண்ணே போகும். நேரம் மாறிய குறுஞ்செய்தி அவருக்கு வரும். ஒரே நாளில் அவருக்கு அப்படி இருபது வரும். உங்களுக்குத் தெரிய வருவது நிலையத்தில்.

ஐந்தாம் படி: பெயரும் தாள்களும்

தமிழர்களுக்கு விமானப் பயணத்தில் நிரந்தரத் தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் தளமோ அதை நிரப்பாமல் விடாது. அதே பெயரை இரண்டு கட்டத்திலும் இடச் சொல்லும் நிறுவனம் உண்டு, வேறு முறை சொல்லும் நிறுவனமும் உண்டு. முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல், சுற்றுலா, வருகை விசாக்களுக்கு ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை. இதற்காகவே கவுன்டரில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் தந்தை பெயரை இனிஷியலாகச் சுருக்காமல் முழுதாக விரித்து எழுதிவிடுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. டிக்கெட்டில் எழுத்துப்பிழை இருந்தால் எடுத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்திடம் சொல்லுங்கள். அப்போது கட்டணமில்லாமல் திருத்த வழி உண்டு.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்காகச் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போவதென்றால், குடிபெயர்வு அனுமதி தேவை. வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவில்லாத ஏஜென்ட் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

உள்நாட்டுக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஏதாவது ஒன்று போதும்.

ஆறாம் படி: பெட்டி

நம் கரைக்கே உரிய சிக்கல்கள் இங்கே. கருவாட்டுக்கு உள்நாட்டில் பொதுத் தடை கிடையாது. ஆனால் வாடை வந்தால் மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மூன்று அடுக்குப் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் கட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, கவுன்டரில் ஒப்படைக்கும் பெரிய பெட்டியில் வையுங்கள். வெளிநாடு என்றால் அந்த நாட்டு உணவு விதியையும் பார்க்க வேண்டும். கொப்பரைத் தேங்காய் கூடவே கூடாது. தானே சூடாகித் தீப்பிடிக்கும் பொருளாக அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ராமேஸ்வரம் தீர்த்தத்தைப் பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். வெளிநாட்டு விமானக் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் தாண்டாது. பனைவெல்லக் கட்டிகளைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். எக்ஸ்ரேயில் அது அடர்ந்த கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும்.

தங்கச்சிமடம் மல்லிகை நாற்று உள்நாட்டில் எங்கும் போகும். ஆனால் வேரும் மண்ணுமாக வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அங்கே சுங்கத்தில் பறித்துக் குப்பையில் போடுவார்கள்.

கோயில் பக்கத்துக் கடைகளில் மிதக்கும் கல் என்று விற்பதை வாங்கிப் பெட்டியில் போடாதீர்கள். அதில் பவளப்பாறைத் துண்டு இருந்தால், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் அதே அட்டவணைதான். உலர்ந்திருந்தாலும் செத்திருந்தாலும் குற்றம் குற்றமே. உறவினர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். சின்னம்மா கொடுத்தது என்று சொன்னால் அதிகாரி விடமாட்டார்.

ஏழாம் படி: யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல். 1914 முதல் 1964 புயல் வரை அதைக் கப்பலில் கடந்தார்கள். போட் மெயிலுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். இன்று அக்கரைக்குப் போக 230 கிலோமீட்டர் வடக்கே திருச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் விமானம் இறங்கும் பலாலி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பின்னர் போர் வந்து எல்லாவற்றையும் மூடியது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக மறுபடி திறந்தது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. இண்டிகோ 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் சேவை தொடங்கியது. நமக்கு உதவுவது இந்தக் கடைசிச் சேவை. பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

வருவது ஏ.டி.ஆர். 72, எழுபத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட விசிறி விமானம். குட்டையான ஓடுபாதைக்கு ஏற்றது. ஏறும் கதவு பின்புறம் இருக்கும். பின்வரிசைக்காரர்கள் முதலில் இறங்கிக் குடிவரவு வரிசையில் முன்னால் நிற்கலாம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் பெரும்பாலான சன்னல்களில் பாக் நீரிணை மறைக்காமல் தெரியும். விசிறிக்கு நேரான வரிசைகளில் இரைச்சல் அதிகம், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே கைப்பை வைக்கும் தட்டு சிறியது, ஜெட் விமானத்துக்கு வாங்கிய உருளும் கைப்பெட்டி அதில் நுழையாது, வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். மருந்தையும் பாஸ்போர்ட்டையும் தனிப் பையில் வையுங்கள். ஏறுவது படிக்கட்டில்தான், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு 48 மணி நேரம் முன்பே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள்.

இலங்கைக்கு இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் முன்பே எடுங்கள். தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் கமிஷன் தளங்கள். கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுகின்றன. விமானம் சரிப்படாதவர்களுக்கு நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிற்கும்.

எட்டாம் படி: விமானம் ரத்தானால், இரவில் திரும்பினால்

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ, எது வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கடைசி 24 மணி நேரத்தில் சொல்லாமல் ரத்து செய்தால் அதற்கு மேல் இழப்பீடும் உண்டு: ஒரு மணிக்குட்பட்ட பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. புயல், மழை காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. ஏஜென்ட் உங்கள் எண்ணைத் தராமல் விட்டிருந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும்.

இரவு மதுரையில் இறங்குகிறவர்கள், நான்கு பேருக்குக் குறைவென்றால் மாட்டுத்தாவணி போய் ராமேஸ்வரம் பஸ் ஏறுங்கள். இரவிலும் பஸ் உண்டு. குடும்பமாக வந்தால் காரை முதல் நாளே பேசிவிடுங்கள். திருப்பாச்சேத்தி, போகலூர் சுங்கச்சாவடிக் கட்டணம், ஓட்டுநர் பேட்டா, திரும்பிப் போகும் தூரம் மூன்றும் சேர்த்துத்தான் தொகையா என்று கேட்டு, அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். ராமநாதபுரம் வரை என்று பேசி வந்துவிட்டு, அங்கே இறங்கும்போது தீவுக்கு எவ்வளவு என்று கேட்டால், அந்த நேரத்தில் அவர் சொல்வதுதான் விலை.